கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க

என் லேப்டாப்பில் சர்வர் என்ற கட்டத்துக்குள் கர்சர் துடித்துக்கொண்டே இருக்கிறது, இந்த மனுஷன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. சர்வர் பேர் என்ன சார், ஐபி இருந்தாலும் போதும் என்று தன்மையாகத்தான் கேட்டேன். கேட்ட மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்க்கிறார். அங்கே என்ன இருக்கிறது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான். உப்புக்காற்றில் பெயின்ட் பொரிந்து உதிர்கிற சுவர். முகத்துக்கு நேரே பார்த்துப் பேசாத ஆள். காலையில் முதலாளி மகன் ரோஷன் சொன்னதும் இதைத்தானே. கேட் பக்கத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கி, ஏசிக் காற்று வெளியே வர வர, வணக்கத்துக்குப் பிறகு முதல் பேச்சே இந்தப் பால்துரை அண்ணாச்சியைப் பற்றித்தான். அப்பா காலத்து ஆள், சர்வர் பூராவும் அவர் கையில்தான், யாருக்கும் எதையும் சொல்ல மாட்டார் என்றார். பிறகு குரலைத் தணித்து, எடைமேடையில் உட்காருகிற ஜெசிந்தாவும் அவரும் தினம் சாயங்காலம் சர்வர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், லோடு எடையில் என்னவோ நடக்கிறது, இல்லாவிட்டால் வேறு என்னவோ நடக்கிறது என்றார். அந்த 'வேறு என்னவோ'வைச் சொல்லும்போது ஒரு பெண்ணிடம் இதைச் சொல்கிறோமே என்று லேசாகச் சிரித்தும் வைத்தார். "நீங்க கனெக்ஷன் கேக்கும்போது எப்படி நடந்துக்கிறார்னு மட்டும் பாருங்க. மறைக்க ஒண்ணுமில்லேன்னா குடுத்துட்டுப் போறார்." அவ்வளவுதான். கார் போய்விட்டது. நான் மட்டும் அந்த வெள்ளை வெயிலில், உப்புக் குவியல்களுக்கு நடுவில், ஒற்றர் வேலைக்குச் சம்பளம் இல்லாமல் சேர்ந்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

என் வேலை சாதாரண வேலை. எந்த உப்பளத்திலிருந்து எவ்வளவு உப்பு வந்தது, எந்த லாரி எவ்வளவு ஏற்றிக்கொண்டு போனது என்பதை முதலாளி மகன் எங்கிருந்தாலும் தன் போனிலேயே படமாகப் பார்க்க வேண்டும். அந்த டேஷ்போர்டைச் செய்து கொடுக்க மதுரையிலிருந்து என்னை அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு எங்கள் மென்பொருள் இந்த ரூமில் உறுமிக்கொண்டிருக்கிற எடைமேடை சர்வரோடு பேச வேண்டும், பேசுவதற்கு ஐந்தாறு கட்டங்களை நிரப்பி இணைப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக மெயிலில் வந்துவிடுகிற விஷயம். இவருக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. திரும்பப் போட்டேன், இல்லை. போனில் கூப்பிட்டால் நேரில் வாங்க என்றார். இத்தனைக்கும் போனில் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. மரியாதையாகப் பேசுகிறவர்கள்தான் எழுத்தில் எதையும் தர மாட்டார்கள். எழுத்தில் தந்தால் நாளைக்கு நீதானே தந்தாய் என்று கேட்கலாம் அல்லவா.

"எழுதிக்கிடுங்க," என்றார் திடீரென்று. ஐபியைச் சொன்னார், எண் எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, எந்தத் தாளையும் பார்க்காமல். அடித்தேன். அடித்து முடித்ததும், "இப்ப நீங்க என்ன அடிச்சீங்களோ அத வாசிங்க," என்றார். எனக்கு முகம் சூடேறியது. லேப்டாப் திரை அவருக்கும் எனக்கும் நடுவில்தான் இருக்கிறது, எண்கள் பெரிதாகத்தான் தெரிகின்றன, பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே. ஸ்கூல் பிள்ளை மாதிரி என்னை வாசிக்க வைத்து என்ன பார்க்கிறார். நான் தடுமாறுகிறேனா என்றா, அல்லது வேண்டுமென்றே நேரம் கடத்துகிறாரா. வாசித்தேன். ம் என்றார். போர்ட் வழக்கமான எண்ணாகத்தான் இருக்கும் என்று நானே அடித்துவிட்டு, அதுதானே சார் என்றேன். அது இல்லை, மாத்தி வச்சிருக்கேன் என்று வேறோர் எண்ணைச் சொன்னார். எதற்காக மாற்ற வேண்டும். பாதுகாப்புக்காக மாற்றுவது உண்டு. நானே பல இடங்களில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஆபீஸில் யாராவது இதைச் செய்திருந்தால் கெட்டிக்காரன் என்றிருப்பேன். ஆனால் இவர் மாற்றியிருக்கிறார் என்றதும் மனசு அங்கேயே கொக்கி போட்டு நிற்கிறது. வழக்கமான வாசலை அடைத்துவிட்டுத் தனக்கு மட்டும் தெரிந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறார், அந்த வாசல் வழியாக என்ன போகிறது, என்ன வருகிறது. எடைமேடையில் லாரி ஏறி நிற்கிறபோது திரையில் ஓர் எடை, இங்கே சர்வரில் வேறொரு எடை. நினைத்துப் பார்த்தால் எவ்வளவு சுலபம். இப்படி நினைக்க ஆரம்பித்தால் இந்த ரூமில் எதுதான் சந்தேகமாக இல்லை. ஜன்னலில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தாள். எனக்குப் பின்னால் கதவு, அதன் உள்தாழ்ப்பாள் புதிதாகப் பளபளக்கிறது. இந்த ஊர்க் காற்றில் எல்லா இரும்பும் துருப்பிடித்துக் கிடக்க இது மட்டும் எப்படிப் புதிது. யார் போட்டார்கள். எதற்கு. என் உதட்டில் உப்பு கரிக்கிறது, நாக்கால் நக்கிக்கொண்டால் இன்னும் கரிக்கிறது.

டேட்டாபேஸ் பெயர் ஆயிற்று. யூசர்நேமும் சொன்னார், அதையும் வாசிக்கச் சொன்னார். மிச்சம் பாஸ்வேர்டு. அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்துவிட்டுச் சொல்லுங்கள் சார் என்றேன். அதை நான் சொல்ல மாட்டேன், நானே அடிக்கேன் என்றார். சரி என்று லேப்டாப்பைத் தள்ளினேன். அவரோ எழுந்து, சர்வர் பெட்டியைக் கையால் தடவிக்கொண்டே பின்னால் போய், ஒரு பழைய கீபோர்டை வயரோடு சுருட்டி எடுத்து வந்தார். அதை என் லேப்டாப்பில் செருகச் சொல்லி வயர் முனையை நீட்டினார். இது என்ன கூத்து. என் லேப்டாப்பிலேயே கீபோர்டு இருக்கிறதே என்றேன். இதில்தான் கை பழகிப்போச்சு என்றார். வெளியார் கொடுக்கிற எதையும் கம்பெனி லேப்டாப்பில் செருகக்கூடாது, அது எங்கள் ஆபீஸ் விதி. விதிக்காக இல்லாவிட்டாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது, உள்ளே என்ன வைத்திருக்கிறாரோ, நான் அடிக்கிறதையெல்லாம் பிடித்துக்கொள்கிற சில்லு ஏதாவது. பார்த்தால் அழுக்கேறிய கீபோர்டு, நடுவில் இரண்டு பட்டன்களின் மேல் மட்டும் கெட்டிப் பசையைச் சிறு பொட்டு மாதிரி வைத்து ஒட்டியிருக்கிறது. அது எதற்கு. கேட்கவில்லை. செருகிவிட்டேன். ஏன் செருகினேன் என்று தெரியவில்லை, மாட்டேன் என்று சொல்லி ஒரு பெரியவரைச் சங்கடப்படுத்த வாய் வரவில்லை. இப்படித்தான் என் வாழ்க்கையில் நான் செருகக்கூடாததையெல்லாம் செருகியிருக்கிறேன், கொடுக்கக்கூடாததையெல்லாம் கொடுத்திருக்கிறேன். அவர் விரல்களை அந்தப் பொட்டுகளின் மேல் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க," என்றார்.

அந்தப் பக்கம் திரும்பினேன். சுவர். பின்னால் டக் டக் என்று அவர் அடிக்கிற சத்தம். இந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறேன், எத்தனை எழுத்து என்று என்னை அறியாமல் கணக்கெடுக்கப் பார்க்கிறேன், சே. கோபியும் இப்படித்தான் காது கொடுப்பான். கல்யாணமான புதிதில் ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டான், உன் போன் பாஸ்வேர்டு என்ன என்று. எதுக்கு என்றேன். மறைக்க ஒண்ணுமில்லேன்னா சொல்றதுக்கு என்ன என்றான். சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லைதான். அதன் பிறகு நான் குளிக்கப் போனால் என் போன் அவன் கையில் இருக்கும். அக்காவோடு பேசியது, ஆபீஸ் குரூப்பில் போட்டது, யார் இந்த செந்தில்குமரன், எதுக்கு உனக்குக் குட் மார்னிங் போடுகிறான். ஒன்றுமே இல்லாத இடத்தில் அவன் தேடத் தேட, ஒன்றுமே இல்லாததையும் நான் மறைக்க ஆரம்பித்தேன். அக்காவிடம் பேசியதைக்கூட அழித்தேன். அழித்தது தெரிந்ததும் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. பார், எதையோ அழித்திருக்கிறாய். இப்போது நான் தனியாக இருக்கிறேன், போனில் பாஸ்வேர்டை மாற்றியாயிற்று, ஆனாலும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் திரையைத் திருப்பிக்கொள்கிற பழக்கம் போகவில்லை. மறைக்க ஒண்ணுமில்லேன்னா. அதே வாக்கியம். கோபி சொன்ன அதே வாக்கியத்தைத்தான் காலையில் ரோஷன் சொன்னார், நானும் தலையாட்டினேன். தலையாட்டியது மட்டுமில்லை, இவ்வளவு நேரமும் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இந்த மனுஷனின் ஒவ்வொரு அசைவையும் உரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இது வேறு, இது கம்பெனி விஷயம், லாரி, எடை, பணம். அப்படியா? கோபிக்கும் அது வேறாகத்தான் இருந்தது.

டக் டக் நின்றது. சோதனை பட்டனை அழுத்துங்க என்றார். திரும்பி அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, திரையில் பாதியை அடைத்துக்கொண்டு சிவப்பில் வந்தது, லாகின் தோல்வி என்று. இவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று சும்மா இருந்தேன். அவர் திரைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கணம் காத்திருந்தார், பிறகு தலையை ஆட்டி, "ஆயிருச்சுல்லா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன துணிச்சல். சிவப்பு எழுத்து இரண்டு பேர் முகத்திலும் அடிக்கிறது, ஆயிற்றா என்று கேட்கிறார். என்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிட்டாரா. ஆகவில்லை சார், தோல்வி என்று வருகிறது என்றேன். அவர் முகம் மாறியது. அந்த மாற்றத்தைப் பார்த்தேன், மாட்டிக்கொண்டவன் முகம் என்றே பட்டது. இன்னொரு தரம் அடிக்கேன் என்று சொல்லி என்னைத் திரும்பச் சொன்னார், திரும்பினேன், அடித்தார், அழுத்தினேன், மறுபடியும் சிவப்பு. இனி போட வேண்டாம், திரும்பத் திரும்பத் தப்பாய்ப் போனால் அக்கவுன்ட் பூட்டிக்கொள்ளும், எடைமேடையும் அதே அக்கவுன்டில்தான் ஓடுகிறது, லாரியெல்லாம் நின்றுபோகும் என்றார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது, அதுவும் இவர் ஏற்பாடு மாதிரி. ஆக, தவறாக அடிக்கிறார், வேண்டுமென்றே அடிக்கிறார், பிறகு பூட்டிக்கொள்ளும் என்று பயம் காட்டி என்னை ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார். என் போன் மேசையில் அதிர்ந்தது. ரோஷன். 'குடுத்தாரா?' என்று ஒற்றைச் சொல். போனைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்து வைத்ததை இவர் பார்த்திருப்பார் என்று நிமிர்ந்தேன். பார்க்கவில்லை. போன் அதிர்ந்த பக்கமாகக் காதைத்தான் திருப்பியிருந்தார்.

காதை. அது எங்கேயோ இடறியது. கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பச்சையாக, சின்னதாக. அது எரிந்தால் எல்லாம் பெரிய எழுத்தாக விழும், பாஸ்வேர்டு தப்பாகும், இது தினம் கம்ப்யூட்டரில் உட்காருகிறவருக்குத் தெரியாதா. தெரியும். அப்படியானால் விளக்கைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, பார்க்காத மாதிரி இருக்கிறாரா. பாராத மாதிரி இருப்பதும் ஒரு வித்தைதான். எனக்குள் என்னவோ புகுந்துகொண்டது. கோபி என் போனுக்குத் தன் நண்பன் பெயரில் மெசேஜ் அனுப்பி நான் என்ன பதில் போடுகிறேன் என்று பார்த்தானே, அந்தப் புத்தி. அந்தப் புத்தி எனக்கு வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. இணைப்புப் பக்கத்தைச் சுருக்கிவிட்டு, ஒன்றுமே எழுதாத வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரையை அவர் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்து, ஐபி எல்லாம் சரிதானா சார், ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். என் குரல் இனிப்பாக இருந்தது, எனக்கே கேட்டது. அவர் குனிந்தார். மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்து, ஓரக் கண்ணால் பார்த்தார். வெள்ளை வெளிச்சம் அவர் கன்னத்து நரை மயிரில் விழுந்தது. எல்லாம் சரியாத்தான் இருக்கு என்றார்.

நான் மூச்சுவிட்டது அவருக்கு எதையோ சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "வெத்துப் பக்கத்தயா காட்டுதீங்க?" என்றார். கோபமில்லை. ஆமாம் என்றேன். அவர் சிரித்தார், சிரிப்பென்று சொல்ல முடியாது, காற்று வெளியே வந்தது. சரி, கண்டுபிடிச்சிட்டீங்க, போய்ச் சொல்லிருங்க, அதுக்குத்தானே ரோஷன் தம்பி உங்கள அனுப்பினார் என்றார். அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. டேஷ்போர்டு கீஷ்போர்டு என்பதெல்லாம் சாக்கு, தன் கண்ணைச் சோதித்து வேலையை விட்டுத் தூக்கத்தான் மதுரையிலிருந்து ஆள் வருகிறது என்று, என் முதல் மெயிலை ஜெசிந்தா வாசித்துக் காட்டிய நாளிலிருந்தே இவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பதில் போடாததும் அதனால்தான். நேரில் வரச் சொன்னதும், ஆள் எப்படி என்று குரலை வைத்து எடை போடத்தான். வாசிங்க வாசிங்க என்று என்னைப் படுத்தியதும். இவ்வளவு நேரமும் நான் இவரை உளவு பார்த்த மாதிரி இவரும் என்னை உளவு பார்த்திருக்கிறார், அவரவர் பங்குக்கு இருவரும் பயந்துகொண்டு. கண்ணு சர்க்கரை வியாதியாலயா, சார்? என்றேன். ஆமாம் என்றார். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்பு உட்கார்ந்துகொள்கிறது, எதைப் பார்க்கிறோமோ அதுதான் மறைகிறது, ஓரத்தில் கொஞ்சம் தெரியும், அதனால்தான் உங்கள் தோளுக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன், அப்போதுதான் உங்கள் முகம் கொஞ்சமாவது கிடைக்கும் என்றார். மதுரையில் பெரிய கண்ணாஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாராம், இருப்பது போகாமல் இருக்கத்தான் ஊசி, போனது வராதாம். பட்டன் மேல் பொட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவர் விரல்கள் அதன் மேல்தான் இருந்தன.

இத்தனை நாள் எப்படி ஓட்டினீர்கள், பேக்கப், மாதக் கணக்கு, பிழை வந்தால் என்று கேட்டபோது, ஜெசிந்தா வாசிப்பாள், நான் அடிப்பேன் என்றார். சாயங்காலம் எடைமேடை ஓய்ந்ததும் வருவாளாம். திரையில் வந்ததை ஒன்றுவிடாமல் வாசிப்பாளாம், இங்கிலீஷ் அவளுக்கு அவ்வளவாக வராது, எழுத்துக்கூட்டிச் சொல்வாளாம். சத்தம் வெளியே கேட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். தாழ்ப்பாள்கூட அவள் வாங்கிவந்து மாட்டியதுதான் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்துபோனது. நான் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லலாமா, வேண்டாமா. சொல்லாமல் போய்விட்டால் என் வேலை சுலபம், கனெக்ஷன் கிடைத்தது, வணக்கம், பஸ். ஆனால் சொல்லாமல் போனால் அந்தப் பெண்ணைப் பற்றிக் காரில் சிரித்த சிரிப்பு அப்படியே கிடக்கும், ஆபீஸில், லாரி டிரைவர்கள் மத்தியில், அவள் வீட்டு வாசல்வரைக்கும் போகும். ஒருவேளை அதைத்தான் விரும்புகிறாரா இவர், தன் கண்ணை மறைக்க அவள் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று. பார், இன்னும் விடவில்லை என் மனசு. இவர் கண் தெரியவில்லை என்று சொன்னதையே ஒரு கணம் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது, வெற்றுப் பக்கம் என்று எப்படித் தெரிந்தது, உண்மையில் தெரியாதவருக்கு எப்படித் தெரியும் என்று. சொல்லிவிட்டேன். அண்ணாச்சி, நீங்களும் ஜெசிந்தாவும் கதவைச் சாத்திக்கொள்வதைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறார்கள், எடையில் ஏமாற்றுகிறீர்கள் என்றும் சொல்கிறார்கள், அதுக்கு மேலேயும் சொல்கிறார்கள் என்றேன். அண்ணாச்சி என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

யாரு, தம்பியா என்றார் அவர். ம் என்றேன். அவளுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு என்றார், என்னிடம் இல்லை, சர்வரிடம் சொல்கிற மாதிரி. கட்டைவிரலால் மேசை விளிம்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அந்தத் தேய்ப்பில் அவர் என்னென்ன கழித்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது, நாற்காலி, சம்பளம், அண்ணாச்சி என்று ஆட்கள் கூப்பிடுகிற அந்த ஒரு மரியாதை. பிறகு கையை நீட்டி, "தம்பிக்குப் போனப் போட்டுக் குடுங்க," என்றார்.

போட்டுக் கொடுத்தேன். அவர் சுற்றிவளைக்கவில்லை. "தம்பி, பால்துரை பேசுதேன். எனக்குக் கண்ணு தெரியல. ஜெசிந்தாதான் வாசிச்சுச் சொல்லுதா. கதவச் சாத்துனது அதுக்குத்தான், வேற ஒண்ணுக்கும் இல்ல." அவ்வளவுதான் சொன்னார். ரோஷன் ஏதோ கேட்டார், அப்பாவுக்குத் தெரியாது என்றார் இவர். இன்னும் ஏதோ கேட்டார், ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும் என்றார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார், நான் இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. எட்டி வாங்கிக் காதில் வைத்தேன். ரோஷன் குரல் சன்னமாக இருந்தது. "நீங்க நல்லாப் பாத்தீங்களா? நடிக்கலையே?" என்றார். கொஞ்சம் முன்னால் எனக்குள் ஓடிய கேள்வியை யாரோ எடுத்து என் காதிலேயே ஊதிய மாதிரி இருந்தது. இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது, சொன்னால் அது இவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. நான் சோதித்துப் பார்த்துவிட்டேன் சார், அசிங்கமாகச் சோதித்தேன், இனி ஒருதரம் யாரும் செய்ய வேண்டாம் என்றேன். அவர் சாயங்காலம் தானே வருவதாகவும் ஜெசிந்தாவை வீட்டுக்குப் போகாமல் இருக்கச் சொல்லும்படியும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். வந்து என்ன செய்வார் என்று குரலில் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வரலாம், கணக்கு முடிக்கவும் வரலாம். என்ன சொன்னார் என்று அண்ணாச்சி கேட்டார். சாயங்காலம் வருவதாகச் சொன்னார் என்றேன். அதுக்கு முன்னால கேட்டதும் எனக்குக் கேட்டுது என்றார். காது நல்லா இருக்கு.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் பாருங்க என்று சொல்லவில்லை. கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டு நீங்களே அடிங்க என்றார். கேப்ஸ் லாக்கை அணைத்தேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், எது பெரியது எது சின்னது என்று சேர்த்துச் சொன்னார். அடித்தேன், அடித்ததை எனக்குள்ளும் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை. ஒருவர் தன் பாஸ்வேர்டை இப்படி வாய்விட்டுச் சொல்கிற சத்தம் எவ்வளவு கூச்சமானது. சோதனை பட்டனை அழுத்தினேன், வட்டம் சுற்றியது, வெற்றி என்றது. ஆயிருச்சு அண்ணாச்சி என்று நானே முதலில் சொன்னேன். இந்த வேலை முடிந்ததும் நம் டேஷ்போர்டுக்கென்று படிக்க மட்டும் உரிமை உள்ள தனி அக்கவுன்ட் ஒன்று போட்டுக்கொள்வோம், நீங்கள் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன், பிறகு இந்தப் பாஸ்வேர்டை ஜெசிந்தாவை வைத்து மாற்றிவிடுங்கள், எனக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இணைப்பு கிடைத்ததும் உள்ளே இருக்கிற அட்டவணைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வந்தன. எது எது வேண்டுமோ அதன் பக்கத்தில் டிக் போட வேண்டும். அவர் கேட்காமலேயே வாசிக்க ஆரம்பித்தேன். லாரி. எடுத்துக்கோங்க என்றார். அளம். அதுவும் வேணும். எடை விவரம். அதுதானே முக்கியம் என்றார். வாசித்துக்கொண்டே போனேன், அவரும் சொல்லிக்கொண்டே வந்தார், குரலில் இறுக்கம் போய்விட்டது, இரண்டு பேர் சேர்ந்து பட்டாணி உரிக்கிற மாதிரி ஒரு சாவகாசம் வந்துவிட்டது. எடை திருத்தம் என்று வாசித்தேன். "அது வேண்டாம். பழசு," என்றார். உடனே சொன்னார். மற்றதற்கெல்லாம் ஒரு கணம் யோசித்துச் சொன்னவர், இதற்கு யோசிக்கவில்லை. என் விரல் நின்றது. எடை திருத்தம். திருத்துவதற்கென்றே ஓர் அட்டவணை. நான் டிக் போட்டால் இவருக்குத் தெரியப்போவதில்லை. போடாமல் விட்டாலும் தெரியப்போவதில்லை. என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, என் முகத்தை அந்தக் கறுப்புக்கு வெளியே எங்கேயாவது பிடித்துவிடப் பார்த்துக்கொண்டு. இப்போதுதான் ஒரு மனுஷன் தன் வேலையையே போனில் பணயம் வைத்தான், அதைக் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் இந்த மனசு இப்படி. சத்தமில்லாமல் போட்டுவிடலாம். சத்தமில்லாமல் துருவுவது எனக்கு நன்றாகத் தெரிந்த வலி, துருவப்பட்டவளாக.

"அண்ணாச்சி, அதையும் எடுத்துக்கிடுதேன்," என்றேன். அவர் ஊர்ப் பேச்சு என் வாயில் வந்தது. "எடுத்துக்கோங்க. உங்க இடத்துல இருந்தா நானும் எடுப்பேன்," என்றார். டிக் போட்டுத் திறந்தேன். மேலே தலைப்புகள் மட்டும் வரிசையாக நின்றன, லாரி எண், பழைய எடை, புதிய எடை, காரணம். கீழே ஒன்றுமில்லை. ஒரு வரிகூட இல்லை. எப்போதோ தேவைப்படும் என்று செய்து வைத்து யாரும் தொடாத அட்டவணை. காலியா இருக்கு அண்ணாச்சி என்றேன். அதான் பழசுன்னேன் என்றார், சாதாரணமாக. வெளியே லாரி ஒன்று எடைமேடையில் ஏறுகிற அதிர்வு தரையில் தெரிந்தது. மேசை லேசாக நடுங்கி அடங்கியது. நான் அந்த வெள்ளைப் பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஏன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது, புது வரி வந்தால் காட்டுகிற ரெஃப்ரெஷ் பட்டனை அழுத்தினேன். அந்தச் சின்ன டக் சத்தத்துக்கு அவர் தலை லேசாகத் திரும்பியது.